நெல்லளவு

டாக்டர் டின் மியாவின் பல் கிளினிக்கில்
டோக்கன் கொடுப்பது என் வேலை.
மோல்மேன், படகுத்துறைக்குப் போகிற இறக்கம்,
முட்டைக்கடைக்கு மேல் மாடி.

பெஞ்சுக்கு எதிரே ஒரு படம்.
வயல். பாதி நட்ட நாற்று.
வரப்பில் உட்கார்ந்து
கன்னத்தில் கை வைத்த ஒருத்தி.
பக்கத்தில் கவிழ்த்த பானை, ஒற்றைச் செருப்பு,
தூரத்தில் வெள்ளையாய் ஒரு பொட்டு.
வரைந்தவர் பெயரைச் செல்லரித்துவிட்டது.
ஃபீசுக்குப் பதிலாக யாரோ
விட்டுப்போனது என்கிறார் டாக்டர்.

வருகிறவர்கள் எல்லோரும்
வீங்கிய கன்னத்தோடுதான் அவளைப் பார்க்கிறார்கள்.
"கடைவாய்ப் பல்," என்றார் படகோட்டி சோ நைங்.
"இரண்டு ராத்திரி தூங்கியிருக்க மாட்டாள்."
முடோனிலிருந்து வந்த மோன்காரி
தனக்கா பூசுகிறாள் என்றாள்,
அரைத்த கல் பானைக்குள் இருக்குமாம்.
ஓவியம் படிக்கிற பையன் ஒருவன்
கொக்கு என்றால் பொறுமை,
கவிழ்ந்த பானை என்றால் பஞ்சம் என்று
பஞ்சு அடைத்த வாயோடு விளக்கினான்.
"கொக்கு இல்லை தம்பி,
பெயிண்ட் உரிந்த இடம்,"
உள்ளேயிருந்து டாக்டர்.
இபுராம்சா ராவுத்தர் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"அது ஆம்பளைச் செருப்பு. கவனிச்சியா?"
கவனித்ததில்லை, நாலு வருஷமாக.

நான் தமிழச்சி.
எனக்கு வேறெப்படித் தெரியும்?
கப்பலே கவிழ்ந்தாலும்
கன்னத்தில் கை வைக்காதே என்று
என் கையைத் தட்டித் தட்டி விட்ட வீடு எங்களுடையது.
கவிழ்ந்திருந்தது பானைதான்.
கப்பல் என்றே படித்தேன்.
அவளுக்காக வருத்தப்பட்டதையும்
சம்பளத்தில் சேர்த்திருக்கலாம்.

போன வியாழன் அஞ்சலாட்சிக்கு
இரண்டு பல் பிடுங்கினார்கள்.
மரத்த முகத்தோடு வெளியே வந்து
தன் கன்னத்தைத் தானே
அமுக்கி அமுக்கிப் பார்த்தாள்,
வாங்கப்போகும் மாம்பழத்தைப்போல.
"என்னுதா இது?" வாய் கோணிக் கேட்டாள்.
திரும்பிப் படத்தைப் பார்த்தேன்.
இதுவும் பொருந்தியது.
யார் எதைச் சொன்னாலும்
சரி சரி என்கிற முகம்.
எனக்குக் கோபம் வந்தது.

சாயங்காலம் கரண்ட் போனது.
ஜெனரேட்டரில் எண்ணெய் இல்லை.
டோக்கன் தகடுகளை எண்ணி முடித்து
ஒட்டடை தட்டலாமென்று
போன் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்தேன்.

சாய்ந்த வெளிச்சத்தில்
வண்ணம் மேடும் பள்ளமுமாய் எழுந்தது.
விரல்களுக்கும் கன்னத்துக்கும் நடுவே
பின்னாலிருக்கிற வானத்தின் மஞ்சள்,
ஒரு நெல்லளவு.

கை இன்னும் போய்ச் சேரவில்லை.

இல்லை,
அப்போதுதான் எடுத்திருக்கிறாள்.

ஒட்டடை அப்படியே இருக்கிறது.
காலையில் முதல் டோக்கன் ராவுத்தருக்கு.
அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.
அது எந்தக் கால் செருப்பு
என்று மட்டும் கேட்டேன்.