கூட்டல் கழித்தல் ஒரு வளைவு

ஜெசிந்தா மடியில் அந்தக் கருவி,
சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிது.
மேல்முகத்தில் நூற்றுக்கணக்கில் ஊசிமுனைகள்.
உள்ளே ஒரு சில்லு காற்றை நிறுத்துப் பார்க்கும்,
ஊசிகள் எழுந்து விரலுக்குச் சொல்லும்.
பள்ளியில் இருப்பது ஒன்றே ஒன்று.
உடைந்தால் இருவருக்கும் பாதிப் பாதி.

அஸ்தம்பட்டியில் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு.
அடிவாரம் வரை பெரிதாக ஒன்றும் இல்லை.
பிறகு மலை ஆரம்பித்தது.

பலகைகளை நான் படிக்க வேண்டும், அதுதான் ஏற்பாடு.
இருபதில் ஒன்று. இருபதில் இரண்டு.
நாலாவதில் எனக்குக் குமட்டியது.
எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்
கண்களை இறுக மூடிக்கொண்டேன்.
அதன் பிறகு எங்கள் இருக்கையில்
மலையைப் பார்த்தவள் அவள் மட்டும்.

வளைவுக்கு வளைவு புதுக் கோடு,
ஒவ்வொன்றும் சரிந்துகொண்டே போகும்.
அழுத்தம் இறங்கினால் நாம் ஏறுகிறோம் என்பது
எனக்குத் தேர்வில் இரண்டு மதிப்பெண்.
அவளுக்கு நகக்கண்ணில் ஒரு சறுக்கல்.

பதினொன்றில் சட்டென்று
"பின்னாடி போறோம்" என்றாள்.
"நின்னுட்டிருக்கோம்டீ" என்றேன், கண் திறக்காமலே.
"ஒரு ஊசி ஏறியிருக்கு. பாரு."
பார்த்தேன்.
எதிரே சில்வர் ஓக் கட்டைகள் ஏற்றிய லாரி.
எங்கள் பேருந்து விசிலுக்கு விசில்
பின்வாங்கி இறங்கிக்கொண்டிருந்தது,
மூன்று ஆள் உயரம் இருக்கும்.
கோட்டில் ஒரு சின்னத் திமில்.
மறுபடி மறுபடி தடவினாள்,
மாடு வாங்க வந்தவள் போல.

மேலே எண்ணூற்று ஐம்பத்திரண்டு.
ஏரிக்கரை நெடுக நடந்தோம், கோடு அசையவில்லை.
"தண்ணி எவ்வளவு நேர்மையா இருக்கு" என்றாள்.
முழு மலையையும் ஒரே கோடாகச் சுருக்கினாள்.
வந்தது.
விரலை வைக்கும் முன் பேட்டரி தீர்ந்து
அத்தனை ஊசியும் ஒன்றாக விழுந்தன.

இறங்கும்போது பசித்தது.
காலையில் சேலத்தில் வாங்கிய சிப்ஸ்
பையில் பலூன் மாதிரி விம்மி நின்றது.
கிழிக்கப் போனேன். பிடுங்கிக்கொண்டாள்.
"இது கருவிடீ."

இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து
அமுக்கியும் விட்டும் வந்தாள்.
"பதினாலு" என்றாள். பலகை பதினைந்து என்றது.
"எட்டு." பலகையும் எட்டு.
நடத்துனர் குனிந்து பார்த்துவிட்டு
அதுக்கு ஒரு டிக்கெட் போடவா என்றார்.

கோரிமேட்டில் பாக்கெட் வற்றி, பழையபடி.
பிழை எவ்வளவு என்று நோட்டில் எழுதச் சொன்னாள்.
கூட்டல் கழித்தல் ஒரு வளைவு.
எழுதி முடித்த பிறகுதான் தின்ன விட்டாள்.
உப்பு கொஞ்சம் அதிகம்.
அதை எழுதவில்லை.