தாமதத்துக்குக் காரணம்

இரண்டு சனிக்கிழமைகள்.
ரக்பி கிளப்பின் மாடியில்
பழைய பீர் ஊறிய கம்பளத்தின் மேல்
பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள்.
முடி வெட்டும் மைர், ஆட்ட நடுவர் இருவர்,
பள்ளிச் சமையல்கூடத்து டெலித்,
பள்ளிப் பேருந்து ஓட்டும் நான்.

பாங்கரிலிருந்து வந்திருந்த நெரிஸ் சொன்னாள்:
நேராகவே கேளுங்கள்.
கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது.
முன்பே இருந்தால்
சுமக்க இன்னொரு கை கிடைக்கும்.

வாக்கியத்தை வாய்விட்டுப் பழக வேண்டுமாம்.
எனக்கு எதிரே டெலித்.
அட்டையில் உள்ளபடி அவருக்கு வயது பதினைந்து. பேசமாட்டார்.
முதல் முறை, "எல்லாம் சரியாகிவிடும்" என்றேன்.
அடுத்த முறை, "உன் வயதில் நான் ஸ்லேட் குவாரியில்..."
நெரிஸ் கை உயர்த்தினாள்.
மூன்றாம் முறை வாயே திறக்கவில்லை.
டெலித் தன் பாத்திரத்தை மறந்து
பிஸ்கட்டை உடைத்துப் பாதியை
என் சாஸரில் வைத்தார்.
அதன்பின் கேட்டேன்:
"நீங்கள் சாக நினைக்கிறீர்களா?"
வெல்ஷிலும் நீ உண்டு, நீங்கள் உண்டு.
என்னைவிட மூத்தவரை வேறெப்படிக் கேட்க?

நவம்பர், ஒரு செவ்வாய்.
மலைச்சாலையில் ஆடுகளுக்காக இருமுறை நின்றேன்.
தேவாலய நிறுத்தத்தில் இறங்க வேண்டிய மாக்சென்
இறங்கவில்லை.
கடைசி நிறுத்தத்திலும் இல்லை.
கண்ணாடியில் அவன் தொப்பி மட்டும்.

தாளில் இருந்த ஐந்து படிகளில்
ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.
ரேடியோவை அணைத்தேன். என்ஜினை அணைத்தேன்.
வைப்பர் பாதி வழியில் நின்றுபோனது.
பின்னால் போய்
நடைவழிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன்.
இருவரும் முன்னால் பார்த்தபடி,
வேறு யாரோ ஓட்டிக்கொண்டிருப்பது போல.

எவ்வளவு நேரம் என்று தெரியாது.
தகரக் கூரை முழுக்க மழை.
பழகிய வாக்கியம்
பழகியபடியே வந்து விழுந்தது:
"நீங்கள் சாக நினைக்கிறீர்களா?"

அவன் சிரித்துவிட்டான்.
"என்னை யாருமே நீங்கள் என்று கூப்பிட்டதில்லை, இத்வல்."
சிரிப்பு எங்கே முடிந்தது என்று கவனிக்கவில்லை.
முழங்கையால் மூக்கைத் துடைத்தான்.
"சில நாள்," என்றான்.
பிறகு, "இன்றைக்கு."

நான் எதையும் சரிசெய்யவில்லை.
அட்டையில் இருந்த எண்ணை
அவன் அழுத்தினான், நான் அட்டையைப் பிடித்தேன்.
"கொஞ்சம் ஆட்டாமல் பிடியுங்கள்," என்றான்,
"நம்பர் தெரியவில்லை."
அவன் அம்மாவின் கார் விளக்கு
ஸ்லேட் குவியலைச் சுற்றி வரும்வரை
பேருந்துக்குள் இரண்டு பேர்.
பேசியது குறைவு.

டிப்போவில் படிவம்.
தாமதம்: ஐம்பது நிமிடம்.
காரணம்?
மழை என்று எழுதினேன்.
பெய்துகொண்டுதான் இருந்தது.