அந்த 'ல்'

எண்பத்தேழாம் நிமிடம்.
'கோ' என்று நான் இழுத்த இழுப்பில்
மேல்வரிசை மொத்தமும் மைக்கில் மோதி
மேஜைக்கடியில் உருண்டது.
ஃப்ரே பெந்தோஸ் ஊரே
ஒரு 'ல்'லுக்காக ரேடியோ முன் காத்திருந்தது.
எலியோ குனிந்து எடுத்து
கால்சட்டையில் துடைத்துக் கொடுத்தான்.
அதற்குள் எதிரணி சமன் செய்துவிட்டது.

டாக்டர் லராஞாகா
என் மண்டையைத் திரையில் சுழற்றினாள்.
"கடைவாய்ப் பக்கம் பாருங்கள், வில்மார்.
ஒன்றரை மில்லிமீட்டர்.
அதற்கு மேல் வெறும் காற்று."
இருபது வருடம் பல்செட்டுக்கு அடியில்
மெல்ல வேலையில்லாத எலும்பு
யாரிடமும் சொல்லாமல் கரைந்திருக்கிறது.

சைனஸின் தரையைத் தூக்கி
மாட்டெலும்புத் தூளை நிரப்பலாமாம்;
கெட்டிப்பட ஒன்பது மாதம்.
சிரித்துவிட்டேன்.
மாட்டைத் தின்றே வளர்ந்த ஊர்க்காரன் வாய்க்குள்
மாடு மேய வருகிறது, கடைசியில்.
இடுப்பெலும்பில் கொஞ்சம் வெட்டி ஒட்டலாம்;
என் சர்க்கரை அளவைப் பார்த்து
அவளே வேண்டாமென்றாள்.
இப்படியே பசை தடவி ஓட்டலாம்.
அந்தப் புதினா நாற்றம்
எனக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது.

"இல்லாவிட்டால்..."
என் கன்னத்தில் விரலை வைத்தாள்.
"இந்த எலும்பு அப்படிக் கரைவதில்லை.
சுண்டுவிரல் நீளத் திருகு, பக்கத்துக்கு இரண்டு.
காலி அறையை ஒட்டி ஏறிப்போய்
இங்கே கவ்வும்.
சைனஸில் சீழ் வைக்கலாம்.
கன்னம் மரத்துப்போகலாம்.
முதலில் சர்க்கரையைக் குறையுங்கள்."

அவள் விரல் நின்ற இடம்,
இடது பக்கம்,
"இறைச்சி ஆலைக்கு வரமாட்டேன்,
ரேடியோவில் பேசப்போகிறேன்" என்று
பதினாறு வயதில் நான் சொன்னதும்
அப்பாவின் கை வந்து இறங்கிய இடம்.
மோதிரம் கீறிய கோடு இன்னும் இருக்கிறது.

"வலிக்கிறதா?"
"எலும்பு எப்படி இருக்கிறது, சொல்லுங்கள்."
"கல் மாதிரி."

கையெழுத்துப் போட்டேன்.

திரும்பும் பேருந்தில்
யாருக்கும் கேட்காதபடி, மெதுவாக,
நாக்கை மேலே அழுத்தி,
செட் நழுவாமல்,
முழுச் சொல்லையும் சொல்லிப் பார்த்தேன்.
முன் இருக்கையிலிருந்து
ஒரு சின்னப் பெண் எட்டிப் பார்த்தாள்:
"யார் போட்டது?"