ஜன்னலில் ஒரு பாதம்

ஜூன், மூன்றாம் ஞாயிறு, மூன்று மணி.
மன்னார்குடி பஸ் ஸ்டாண்டு எதிரே பைப் கடை மாடி.
ஏப்ரலில் பூட்டிய கதவைத் தள்ளினால்
முதலில் வெளியே வந்தது சூடு,
அப்புறம் ஒரு புறா,
அப்புறம்தான் நாங்கள் உள்ளே போனோம்.

பிடித்து நிற்கிற கம்பி கீழே கடையில் வாங்கியது,
ஒன்றரை அங்குல இரும்புக் குழாய்.
போன வருஷம் பதினொரு பேர் சாய்ந்து சாய்ந்து
நடுவில் தொய்ந்துவிட்டது.
கழற்றி, ஆற்று மணல் ரொப்பி, இருபுறமும் அடைத்து
மறுபடி மாட்டியிருக்கிறார்கள்.
தட்டினால் இப்போது சத்தமே இல்லை.

புது வருஷம் என்றால் முதலில் சுவர்.
ஜெனோவா அக்கா பென்சிலோடு நிற்பாள்.
பழைய கோடு, புதுக் கோடு.
நான் ஆறு சென்டிமீட்டர்.
நூருல் ஹிதாயா கோட்டுக்கு மேலே வெறும் சுண்ணாம்பு.
திருச்சி விடுதியில் நீட் படிக்கிறாள்.
நின்றுகொண்டு படித்தால் வார்டன் திட்டுகிறாராம்,
அம்மா போனுக்குச் செய்தி வந்தது.

போன வருஷ ஷூவில் என் பெருவிரல்
மடங்கித்தான் படுக்க வேண்டியிருந்தது.
மூன்றாம் வகுப்பு மாதேஷிடம் கொடுத்தேன்.
ரோஸ் கலரா என்று முறைத்தான்.
வாசனை பார்த்தான்.
போட்டுக்கொண்டான்.

எனக்கு இந்த வருஷம் நுனி ஷூ.
கட்டைவிரல் நுனியில் மொத்த உடம்பும்.
அதற்குத்தான் அப்பா
குறுவைக்கு விதைநெல் வாங்கின கையோடு
நாலாயிரத்து இருநூறைத் தனியாக
ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருந்தார்.
அதற்குத்தான் டாக்டர்.
அதற்குத்தான் எக்ஸ்ரே.

அக்கா படத்தை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினாள்.
என் பாதம் வெயிலில் நின்றது,
கொலுசு இல்லாமல், தோல் இல்லாமல்.
எலும்பு இருந்த இடமெல்லாம் வெளிச்சம்.
திருத்துறைப்பூண்டி வண்டி ஒன்று
குதிகாலில் நுழைந்து
சுண்டுவிரல் வழியாக வெளியே போனது.

"இங்க பாரு" என்றாள்.
விரலடியில் மெல்லிசாக ஒரு கறுப்பு வரி,
ஒவ்வொரு விரலுக்கும்.
"உடைஞ்சிருக்கா?"
"இல்ல. இன்னும் மூடல. அது வழியாத்தான் நீ வளர்ற.
அது மட்டும் இல்ல,
உன் கணுக்கால் இன்னும் ஆடுது.
இந்த வருஷம் வேணாம்."

தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன், மூடினேன், திறந்தேன்.
ஆறு சென்டிமீட்டர் யார் கேட்டது?

அப்பாவுக்குப் போன் போட்டேன்.
வடவாற்றுக் கரையில் நின்றுகொண்டிருந்தார்.
மேட்டூர் திறந்து ஒன்பது நாள்,
கல்லணை தாண்டியாச்சு,
எங்கள் வாய்க்காலுக்கு முறை புதன்கிழமை,
அதுவும் ராத்திரி.
"எவ்வளவு நாளாம்?"
"ஒரு வருஷம்."
கொஞ்ச நேரம் காற்று மட்டும் கேட்டது.
"அப்ப அந்தக் காசுல டீசல் அடிச்சுக்கட்டுமா?"
அடிங்க, என்றேன்.

பிறகு வகுப்பு.
பழைய ப்ளியேதான்.
முட்டி இரண்டும் பக்கவாட்டில் விரிய
முதுகு நேராகக் கீழே போகிறது.
தெரியாதவர்களுக்குச் சொன்னால்,
உட்காரப் போய் மனசு மாறுவது.
முதல் நாள் முழுக்க இதுதான்.
நாலு வருஷமாக எனக்கு வருகிறது என்று
நான் நினைத்துக்கொண்டிருந்தது.
"குதிகால்" என்கிறாள் அக்கா. மறுபடி "குதிகால்."
மணல் குழாய் அசையவே இல்லை.
இத்தனை நாள் அதன் மேல் எவ்வளவு சாய்ந்திருக்கிறேன் என்று
இப்போதுதான் தெரிகிறது.

நாலரைக்கு வெயில் இறங்கி
படத்தினூடே தரையில் விழுந்தது.
சிமெண்டில் வெளிச்சமாக ஒரு பாதம்,
விரலடியில் நிழல் கீற்றுகளோடு.
மாதேஷ் வரிசையை விட்டு வந்து
அதன் மேல் ஏறி நின்று பார்த்தான்.
சுற்றிலும் மிச்சம்.
"யாரோடது? இவ்ளோ பெருசு?"
"என்னுது. நகரு."
நகரவில்லை.
அவன் காலின் மேல் என் எலும்புகள்.
அக்கா ஐந்து, ஆறு என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.
நான் மடங்கினேன்.