பதினான்கு முறை

பெட்டி வந்தது, ஆசிரியை வரவில்லை.
தெற்கே எங்கோ மூடுபனி.
புதன்கிழமை விமானம் வெள்ளிக்குப் போயிற்று,
வெள்ளி விமானம் அடுத்த புதனுக்கு.
கானாக்கில் இதற்கெல்லாம் யாரும் வருந்துவதில்லை.
தக்காளியும் இப்படித்தான் வரும்,
அல்லது வராது.

பெட்டிக்குள் கட்டைவிரல் அளவு ரிசீவர்,
கறுப்புக் கேபிள், டேனிஷ் மொழியில் நாலு பக்கம்.
பிளாஸ்டிக் குழாய் குளிரில் பிளந்திருந்தது.
ஆன்டெனாவுக்கான உலோகப் பட்டை
பட்டியலில் இருந்தது, பெட்டியில் இல்லை.

அயாக்கோ தன் அப்பாவின் அளவுநாடாவைக் கொண்டுவந்தான்.
ஐந்து மீட்டர், மஞ்சள்,
சறுக்குவண்டிக்குப் பலகை அளப்பது.
கேட்டாயா என்றேன்.
கேட்டால் தரமாட்டார் என்றான்.
வெட்டியது நான்.
ஆகவே பாதிக் குற்றம் என்னுடையது.

குழாய்க்குப் பதில் உடைந்த துடுப்பு.
பற்றவைத்தவள் துக்குமெக்.
எங்கள் ஊரில் விரல்கள் குளிரில்தான் புண்படும்,
அவள் விரல் சூட்டில் புண்பட்டது.
ஒரு வாரம் எல்லோரிடமும் காட்டினாள்.

டிசம்பர். நண்பகல். இருட்டு.
கரைப்பனியில் நின்றோம்.
மடிக்கணினி அக்காலுக்கின் அங்கிக்குள்,
வயிற்றுச் சூட்டில் உயிரோடிருந்தது.
நான் துடுப்பை வானத்துக்கு நீட்டினேன்.

முதலில் வெறும் இரைச்சல்.
அப்புறம் அதற்கு அடியில்
மரத்தரையில் நாய் நடப்பதுபோல
டிக், டிக், டிக்.
கை சற்றே விலகினால் போய்விடும்,
திருப்பினால் திரும்ப வரும்.
பதினைந்து நிமிடம். தோள் எரிந்தது.
மாற்றிக்கொள்ளலாம் என்றான் அயாக்கோ.
மாட்டேன் என்றேன்.

பனித்துளையிலிருந்து நீள் தூண்டிலை இழுப்பதுபோல
வரி வரியாக வந்தது படம்.
வெறும் கொக்கி, வெறும் கொக்கி,
பிறகு கனம்.
மேற்கே ஒரு கறுப்புத் திட்டு:
குளிர்காலம் முழுக்க உறையாத எங்கள் கடல்.
யாரும் சொல்லித்தரவில்லை,
மூவரும் ஒரே நேரத்தில் அதன் பெயரைச் சொன்னோம்.
அக்காலுக் மட்டும் சொல்லவில்லை,
தன் வயிற்றை அவனால் குனிந்து பார்க்க முடியவில்லை.

ஊரைத் தேடினோம்.
படத்தில் ஒரு புள்ளி நான்கு கிலோமீட்டர்.
வீடுகள், கடை, தேவாலயம்,
மனிதரைவிட அதிகமான நாய்கள்,
எல்லாம் ஒரு புள்ளிக்குள் போய்
மிச்ச இடமும் இருந்தது.

தொலைபேசியில் ஆசிரியை கத்தினாள்:
கோபன்ஹேகனில் எனக்கு
நாளைக்கு நாலு முறை, ஐந்து முறை வரும்.
உங்களுக்குப் பதினான்கு!

நம்பவில்லை. பந்தில் நூல் சுற்றிப் பார்த்தோம்.
துருவத்துக்கு அருகே போகும் எந்தச் சுற்றும்
எங்களைத் தாண்டாமல் போகவில்லை.
பள்ளி வரைபடத்தில் நாங்கள்
மேல் ஆணி அடித்த இடம்.
அதற்கு நாங்கள் நாற்சந்தி.
மூடுபனி அதைத் தடுக்காது.
ஒரு நொடி கூடப் பிந்தாது.

அயாக்கோவின் அப்பா ஒன்றும் சொல்லவில்லை.
மிச்ச நாடா இப்போது
முந்நூற்றுப் பத்தில் தொடங்குகிறது.
ஒவ்வொரு பலகைக்கும் முணுமுணுத்தபடி
கழித்துக்கொள்கிறார்.
நேற்று ஆணிகளை வாயில் வைத்துக்கொண்டே கேட்டார்,
அடுத்தது எத்தனை மணிக்கு,
கறுப்புத் திட்டு இந்தப் பக்கம்
நகர்ந்திருக்கிறதா பாருங்கள்.

இரண்டு நாற்பத்தொன்றுக்கு என்றேன்.
துடுப்பை அவரே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்,
தலைகீழாக.