இன்னும் எவ்வளவு ஓடும்

ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சின் மேல் ஊன்றி
பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு
கண்ணை மூடினார் நசீம்.
திரிலோக்புரிச் சாலையில் ஒரு ஈ-ரிக்‌ஷா
கீச்சிட்டுக்கொண்டு போனது.
கையை உயர்த்தினார், சத்தம் வேண்டாமென்று,
அதற்கும் எனக்கும் சேர்த்து.

"இன்னும் ஒரு லட்சம் போகும் மேடம்.
அடித்துச் சொல்கிறேன்."

போகும்.
ஆனால் மார்ச் பத்தாம் தேதிக்குப் பிறகு
டெல்லிக்குள் பால் வாங்கக்கூடப் போக முடியாது.
பெட்ரோல் வண்டிக்கு இங்கே ஆயுள் பதினைந்து வருஷம்.
எஞ்சினை யாரும் விசாரிப்பதில்லை,
பதிவுச் சான்றிதழை விசாரிக்கிறார்கள்.
(எனக்கும் ஒரு தேதி இருக்கிறது,
அறுபது வயது, மாதக் கடைசி, பூங்கொத்து.
அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்.)

நான் தணிக்கைத் துறைக்காரி.
எழுதி வைக்காத செலவு எனக்குச் செலவே இல்லை.
டாஷ்போர்டு அறைக்குள் நீல அட்டை நோட்டு ஒன்று
ஷோரூமிலிருந்து வந்த நாள் முதல்:
கம்பெனி பத்தாயிரம் என்றாலும்
ஐயாயிரத்துக்கு ஒருமுறை ஆயில்.
டைமிங் பெல்ட், அறுவதற்கு முன்பே.
கிளட்ச் பிளேட், நாற்பத்தோராயிரத்தில்,
மகள் ஓட்டப் பழகிய வருஷம்.
2013 ஜூலை, மின்டோ பாலத்தடியில் வெள்ளம்:
"ஸ்டார்ட் செய்யவில்லை. இறங்கித் தள்ளினேன்.
செருப்பு ஒன்று போயிற்று. எஞ்சின் பிழைத்தது."
செருப்பின் விலையும் எழுதியிருக்கிறேன், இருநூற்று நாற்பது.

ஹல்த்வானியிலிருந்து பிஷ்ட் வந்தார்.
தேனீ வளர்க்கிறவராம். தேன் பாட்டில்களை
மலையிலிருந்து இறக்க ஒரு வண்டி வேண்டுமாம்.
டயரை உதைக்கவில்லை. அதனாலேயே பிடித்துப்போனது.
பானெட்டுக்குள் குனிந்து
வெகுநேரம் பேசாமல் நின்றுவிட்டுக் கேட்டார்:
"இன்னும் எவ்வளவு ஓடும்?"

பின்பக்க இடது கதவு உள்ளிருந்துதான் திறக்கும் என்றேன்.
ஜூன் மாதத்தில் ஏசிக்கு மூச்சு வாங்கும்.
ஏற்றத்தில் அது திணறும்வரை காத்திருக்காமல்
முன்னாலேயே கியரைக் குறையுங்கள்.
கேட்ட கேள்விக்கு இது பதில் இல்லை என்று தெரியும்.
பதில் தெரிந்திருந்தால்
இந்தப் பதினைந்து வருஷமும்
நோட்டு எதற்கு எழுதியிருக்கப் போகிறேன்?

தடையில்லாச் சான்றுக் காகிதங்களோடு
நோட்டையும் நீட்டிய பிறகுதான் உறைத்தது,
முழுக்கத் தமிழ்.
பிஷ்ட் பக்கங்களைத் திருப்பினார்.
"எண்கள் புரிகின்றன. போதும்."
கிளம்பும்போது ஹாரன் அடிக்கவில்லை.
மயூர் விஹாரில் அப்படி யாரும் போய் நான் பார்த்ததில்லை.

தரையைக் குனிந்து பார்த்தேன்.
பதினைந்து வருஷம் நின்ற இடத்தில்
ஒரு சொட்டு ஆயில் இல்லை.
அந்த நேரத்தில், அதற்குப் போய், பெருமைப்பட்டேன்.
மாலைக்குள் அந்த இடத்தில்
மூன்றாம் மாடிக்காரரின் புதிய வெள்ளை வண்டி
மூக்கை நுழைத்திருந்தது.

ஆகஸ்டில் ஒரு போட்டோ வந்தது.
என் நோட்டின் பக்கம்.
மேலே என் கையெழுத்து: "1,38,420. ஒப்படைத்தேன்."
அதன் கீழே கோடு போட்டு
உருண்டையான இந்தி எழுத்தில்
தேதி, 1,43,385, ஆயில், ஃபில்டர்,
பீம்தால் ஏற்றம், நாலு பேர், நூறு பாட்டில், தொந்தரவில்லை.

விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன்.
இடமிருந்து வலமாக ஒருமுறை,
விட்டுப்போயிருக்குமோ என்று மறுபடி ஒருமுறை.
கூலன்ட் இல்லை.
மலை ஏறும் வண்டிக்குக் கூலன்ட் பார்க்காமல் விடுவார்களா?
விற்ற வண்டி, நமக்கென்ன என்று
போனைக் கவிழ்த்து வைத்தேன்.
அரிசி களைந்தேன்.
ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு
பிஷ்டைக் கூப்பிட்டேன்.