அரைப்பேர்

பண்டாரவளையில், பேக்கரிக்கு மேல்மாடியில்
காணித் தரகர்களுக்கு வகுப்பு.
பன்னிரண்டு மணித்தியாலம் இருந்தால்தான்
அனுமதிப்பத்திரம் இன்னும் இரண்டு வருஷத்துக்கு நீளும்.
காலையில் ஒரு கையெழுத்து,
சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொன்று.
பின்னேரம் நழுவினால் பாதிதான் கணக்கு.

அம்மாவின் கொழுந்து கிலோ குறையும் நாளில்
கணக்கப்பிள்ளை போடுவாரே, அரைப்பேர்,
அதேதான் இது.
நாற்காலி மட்டும் புதுசு.

முதல் நாள் சட்டம்.
உறுதி, பதிவு, எல்லைக்கல்,
வாங்கிய கொமிஷனுக்கு ரசீது.
லூர்துநாதன் கண்ணைத் திறந்தபடியே தூங்கினார்,
இருபது வருஷத் தொழில் அனுபவம்.
ரன்பண்டா மாத்தயா தன் மாலுபாணில் பாதியைப் பிய்த்து
என் கொப்பிமேல் வைத்தார்.
போன மாதம் தியத்தலாவைக் காணிக்கு நான் கூட்டிவந்த ஆளை
நடுவழியில் கொத்திக்கொண்டு போனவர்.
சாப்பிட்டேன்.
கோபம் வேறு, பசி வேறு.

இரண்டாம் நாள் மண்.
இரேஷா மிஸ் சிங்களத்தில் சொல்லச் சொல்ல
ஒரு பொடியன் தமிழில் பின்னாலேயே ஓடிவந்தான்.
சரிவு எத்தனை பாகை.
தண்ணீர் எங்கே இறங்குகிறது.
மரம் நேராக நிற்கிறதா,
முழங்கால் மடித்தாற்போல் வளைந்து நிற்கிறதா.
மழையில்லாத நாளில் பீலித் தண்ணீர் கலங்கினால் என்ன அர்த்தம்.
பிறகு திரையில் ஒரு சுவர்.
சுவரில் ஒரு வெடிப்பு,
ஐந்து ரூபாக் குற்றி விளிம்பால் நுழையும் அகலம்.

இதை வாங்குபவருக்குச் சொல்ல வேண்டியவர் யார்?
அ. விற்பவர்
ஆ. நில அளவையாளர்
இ. தரகர்
ஈ. மேற்சொன்ன அனைவரும்

எல்லாரும் ஈ போட்டோம்.
சரி என்றார் மிஸ்.
லூர்துநாதன்கூடச் சரி.

ஹப்புத்தளை இறக்கத்தில் பதினொரு பேர்ச்,
தகரம் போட்ட மூன்று அறை, குழாய்த் தண்ணீர்,
போன மாசியில் விற்றுக் கொடுத்தேன்.
வாங்கியது பர்ஸானா டீச்சர்.
பின்னறையில் நகைக்கடைக் கலண்டர் ஒன்று,
தொங்க வேண்டிய உயரத்துக்கு
ஒரு முழம் கீழே தொங்கியது.
பார்த்தேன்.
எதற்கு இவ்வளவு கீழே என்று கேட்க வாயெடுத்தேன்,
டீச்சர் ஜன்னலைத் திறந்துவிட்டார்.
"அல்லாவே, மேகம் நம்ம காலுக்குக் கீழ போகுது."
அந்த ஜன்னலில்தான் விலை படிந்தது.
என் மூன்று வீதம் அன்றைக்கே கைக்கு வந்தது.
ஸ்கூட்டிக்கு டயர்,
மகனுக்குச் சப்பாத்து,
சீட்டுக் காசில் இரண்டு தவணை.

நான் பொய் சொல்லவில்லை.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
இந்த இரண்டு வரிக்கும் நடுவில்
எத்தனை பேர்ச் இருக்கும்,
எந்த அளவையாளர் சங்கிலி போடுவார்?

நாலரைக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள்.
தங்கேஸ்வரியில் 'ஸ்' விழுந்துபோயிருந்தது.
திருத்தித் தர ஒரு கிழமையாம்.
படியிறங்கினால் ஐப்பசி மழை,
பஸ்ஸெல்லாம் பகலிலேயே லைட் போட்டு வந்தன.
பேக்கரி வாசலில் ஒதுங்கி நம்பரை எடுத்தேன்.

"டீச்சர், நான் தங்கேஸ். புரோக்கர் தங்கேஸ்.
பின்னறையில ஒரு கலண்டர் இருந்திச்சே..."

அந்தப் பக்கமும் தகரத்தில் மழை.
"அத நான் வந்த கிழமையே கழட்டிட்டேன்" என்றார்.
"ஏப்ரல்லருந்து மாசத்துக்கு ஒரு கோடு,
வெடிப்பு முடியிற எடத்துல பென்சிலால போட்டு
தேதியும் எழுதி வச்சிருக்கேன்.
ஏழு கோடு."
திட்டுவார் என்று காத்திருந்தேன்.
"நீங்க எப்ப எடுப்பீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன்.
இப்ப எங்க நிக்கிறீங்க?"

மழைக்கோட்டை மாட்டினேன்.
ஒரு ராத்தல் பாண் வாங்கினேன், வெறுங்கையோடு போக முடியாது.
மிச்சக் காசை எண்ணித் தந்தான் பையன்.
அதில் ஐந்து ரூபாக் குற்றி ஒன்றை
மேல் பையில்
தனியாகப் போட்டுக்கொண்டேன்.